திருப்பி வெட்டிய மூன்று துண்டுகள்

மேசையைச் சுற்றி இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹனான் இருந்தார். பாலஸ்தீனத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். வேலைக்குத் தலைமை அவர்தான். பக்கத்தில் அவர் மகள் லீனா. நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அம்மா அரபியில் சொல்வதை இங்கிலீஷில் சொல்வாள். அடுத்து என் மகள் கவிதா. லீனா சொன்னதை எனக்குத் தமிழில் சொல்வாள். எதிரில் வாசுகி. யாழ்ப்பாணத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை, வீடு ஹாலுக்கு அடுத்த தெரு. கதவோரம் ஹாலைத் திறந்து பூட்டுகிறவர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கடைசியாக நான். பெயர் பழனிச்சாமி. திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். ஏழாவதோடு படிப்பு நின்றது.

இடம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லின்ஃபீல்ட் பகுதியின் பொது ஹால். திங்கட்கிழமை. வெளியே மழை. ஜூலை மாதத்தில் அங்கே குளிர்காலம்.

மேசை மேல் பத்துத் துண்டுத் துணி கிடந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூலில் ஒரு மரம். சைப்ரஸ் மரம். நம் ஊர் நெட்டிலிங்கம் போல நெட்டையாக, நுனி கூராக இருக்கும். எல்லாம் குறுக்குத் தையல், பெருக்கல் குறி மாதிரி. துணியில் வரைந்துகொண்டு தைப்பது கிடையாது. நூலை எண்ண வேண்டும். இரண்டு நூலுக்கு ஒரு குறி. மரத்தின் உயரம் தொண்ணூறு குறி. எல்லாரும் அதே தொண்ணூறு.

இந்த மரங்கள் ஹனானின் அம்மா கல்யாணத்துக்கு உடுத்திய உடுப்பில் இருந்தவை. அவர்கள் பக்கம் உடுப்பு நைந்துபோனால் மார்புத் துண்டை மட்டும் கழற்றி அடுத்த உடுப்பில் வைத்துத் தைப்பார்களாம். அப்படி அந்தத் துண்டு அம்மாவிடமிருந்து ஹனானின் அக்கா சமீராவுக்குப் போனது. சமீரா காஸாவில் இருக்கிறார். வீடு போன அன்று அதுவும் போனது.

ஹனான் நினைவில் இருந்ததைக் கட்டம் போட்ட தாளில் எழுதினார். பெரிதாக்கி, ஒரு ஆளுக்கு ஒரு மரம் என்று பன்னிரண்டு பெண்களுக்குக் கொடுத்தார். அவர் ஆட்கள் நாலு பேர், நம் தமிழ்ப் பெண்கள் நாலு பேர், அந்த ஏரியாவில் இருக்கிற வேறு பெண்கள் நாலு பேர். தைத்த பன்னிரண்டையும் மூன்று வரிசையாக இணைத்து ஹால் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சமீரா போனில் வருவார். அப்போது அங்கே காலை ஒன்பது. சிக்னல் கிடைக்கிற ஒரு இடம் வரை நடந்து வந்து, முறை வைத்துக் காத்திருந்து பேச வேண்டும். அடுத்த தடவை எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால் சனிக்கிழமை ஆறு மணிக்குப் பன்னிரண்டு மரமும் சுவரில் இருக்க வேண்டும். பன்னிரண்டு என்று ஹனான் அக்காவுக்குச் சொல்லிவிட்டார்.

இதில் என் பங்கு துணி. கவிதா கேட்டாள் என்று சென்னிமலைக் கைத்தறித் துணி வாங்கி வந்தேன். ஆக்லாந்துக்குத் தெற்கே தகனினியில் இருக்கிற மகள் வீட்டுக்கு மூன்று மாதம் இருக்க வந்தவன், வந்த இரண்டாம் நாளே கத்தரி பிடித்துப் பன்னிரண்டு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

ஹனான் துண்டுகளை வரிசையாக வைத்தார். ஏழாவது வாசுகியுடையது. அடிக்கோட்டை மற்றவற்றோடு சேர்த்து வைத்ததும் எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வாசுகியின் மரம் ஒரு அங்குலத்துக்கு மேல் குட்டை. கொஞ்சம் பருமன்.

ஹனான் ஏதோ சொன்னார். லீனா அதை உடனே சொல்லவில்லை. வாசுகி இங்கிலீஷில் கேட்டார். லீனா சொன்னாள். கவிதா என் காதில் சொன்னாள்: "எண்ணாம தைச்சுட்டாங்கன்னு சொல்றாங்கப்பா."

"எண்ணாமலோ?" வாசுகிக்குத் தமிழ்தான் முதலில் வந்தது. "வேலைக்குப் போட்டு வந்து, மனுசனுக்குச் சாப்பாட்டைக் குடுத்திட்டு, லைட்டுக்குக் கீழ இருந்து ஒவ்வொண்டா எண்ணித்தான் தைச்சனான். கவிதா, சொல்லும் அவவுக்கு!"

ஹனான் ஊசி நுனியால் எண்ணினார். தொண்ணூறு. திரும்பவும் எண்ணினார். தொண்ணூறு.

"அப்படியென்றால் நூலை இறுக்கி இழுத்திருக்கிறார்" என்றார் ஹனான். "இறுக்கினால் துணி சுருங்கும்."

வாசுகி துண்டை மடித்துப் பையில் போட்டார். "பிரிச்சுத் தைச்சுத் தாறன்." கதவில் நின்றவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அந்தத் துண்டு பைக்குள் போகும் முன் அதன் ஓரத்தை நான் தொட்டுப் பார்த்தேன். பாவு குறுக்கே ஓடியது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

இதை விளக்க வேண்டும். தறியில் நீளமாக ஓடும் நூல் பாவு. குறுக்கே போகும் நூல் ஊடை. அந்தத் துணியில் பாவு அங்குலத்துக்கு நாற்பது, ஊடை முப்பத்திரண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். சட்டைப் பைக்கு உள்துணி வெட்டும்போது துண்டுகளை எப்படித் திருப்பிப் போட்டால் துணி மிச்சமாகுமோ அப்படித் திருப்பிப் போடுவோம். யாரும் கேட்பதில்லை. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம். இங்கேயும் ஒன்பதை நேராக வெட்டினேன், ஓரத்தில் மூன்றைத் திருப்பிப் போட்டேன். நூலை எண்ணித் தைக்கிற வேலையில் திரும்பிய துண்டு குட்டையாகத்தான் வரும். எப்படி எண்ணினாலும் வரும்.

வீட்டுக்கு வந்ததும் கவிதாவின் மரத்தை எடுத்துப் பார்த்தேன். இன்னும் முடியவில்லை என்று அவள் கொண்டுவராமல் வைத்திருந்தாள். நூல் எண்ணுகிற கண்ணாடியை வைத்தேன். அதுவும் திரும்பியது. மூன்றாவது லீனாவிடம் இருக்க வேண்டும். பரீட்சை என்று அவளும் கொண்டுவரவில்லை.

கவிதா அடுப்படியிலிருந்து கேட்டாள். "என்னப்பா பாக்கறீங்க?"

"சும்மா."

எங்கப்பா கை பட்டால் ஒரு நூல் தப்பாது என்று அந்த ஹாலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கவிதாவும் மாப்பிள்ளையும் எல்லர்ஸ்லிக்கு ஆபீஸ் போனதும் நான் தனியாக வாசுகி வீட்டுக்குக் கிளம்பினேன். ஸ்டேஷனில் ரயில் இல்லை. தண்டவாள வேலை. பதிலுக்குப் பஸ் விட்டிருந்தார்கள். அந்தப் பஸ் ஒவ்வொரு ஸ்டேஷனாக உள்ளே போய் உள்ளே போய் வந்தது. நம் ஊரில் கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லிக் கத்துவார். இங்கே யாரும் கத்துவதில்லை. சிவப்புப் பட்டனை நாமே அழுத்த வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் நான் அழுத்தவில்லை. ரொம்பத் தூரம் தாண்டி இறங்கினேன்.

டெய்ரி என்று அங்கே சொல்கிற ஒரு மளிகைக் கடையில் வழி கேட்டேன். கடைக்காரர் குஜராத்தி. என்னிடம் ஹிந்தியில் பேசினார். எனக்கு ஹிந்தி தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஒரு பிஸ்கட் அட்டையைக் கிழித்துப் படம் போட்டுக் கொடுத்தார். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு மழையில் நாற்பது நிமிஷம் நடந்தேன். கிளம்பியதிலிருந்து இரண்டே முக்கால் மணி நேரம்.

வாசுகி கதவைத் திறந்தார். கையில் சின்னக் கத்தரி. மேசை மேல் சிவப்பு நூல் துணுக்குகள் குவிந்து கிடந்தன. மரத்தில் பாதி இல்லை.

"பிரிக்காதீங்க அம்மிணி" என்றேன்.

"ஏன் அண்ணை?"

"இதே துணியில எத்தனை தடவை தைச்சாலும் இப்படித்தான் வருமுங்க. உங்க தப்பு இல்லீங்க. நான் துண்டைத் திருப்பி வெட்டிப்போட்டேன்."

அவர் கத்தரியைக் கீழே வைத்தார். "நேற்று உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுகொண்டோ அதில இருந்தனீங்கள்?"

"ஆமாங்க."

 சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் ஒரு துண்டைத் தூக்கிப் போட்டார். தலையைத் துவட்டினேன்.

"சாப்பிட்டனீங்களோ?"

"இல்லீங்க."

"இருங்கோ."

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வந்தன. நம் புட்டு வேறு, அவர்கள் புட்டு வேறு. இது உதிரியாக, தேங்காய்ப்பூவோடு இருந்தது. கோபத்தில் போட்ட சாப்பாடு. குழம்பு காரமோ காரம். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்கவில்லை, நானாகக் கேட்கும் வரை.

"எனக்குச் சொன்னது மட்டும் காணாது அண்ணை" என்றார். "நாளைக்கு அவவுக்குச் சொல்லோணும். எல்லாருக்கும் முன்னால. அவ எல்லாருக்கும் முன்னாலதான் எனக்குச் சொன்னவ."

"சரிங்க."

புதன்கிழமை கவிதா அரை நாள் லீவு போட்டாள். முந்தின நாள் மாலையே அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மோட்டார்வேயில் கார்கள் ஊர்ந்தன. போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

ஹாலில் ஆறேழு பெண்கள் இருந்தார்கள். நான் கவிதாவிடம் சொன்னேன்: "மூணு துண்டைத் திருப்பி வெட்டிட்டேன். தப்பு என்னுது." அவள் இங்கிலீஷில் சொன்னாள். நான் சொன்னது இரண்டு வரி. அவள் சொன்னது ரொம்ப நீளம். தறி, துணி, இந்தியா என்றெல்லாம் காதில் விழுந்தது. மழுப்புகிறாள் என்று தெரிந்தது.

எனக்கும் கம்பெனி இங்கிலீஷ் கொஞ்சம் உண்டு. "நோ" என்றேன். "கட்டிங் மிஸ்டேக். மை மிஸ்டேக். த்ரீ பீஸ் ரிஜெக்ட். ஷீ" என்று வாசுகியைக் காட்டினேன், "ஷீ கரெக்ட்."

லீனா அதை அரபியில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஹனானுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் எழுந்து மேசையைச் சுற்றிப் போய் வாசுகியின் முன் நின்றார். கையைத் தன் நெஞ்சில் வைத்து ஏதோ சொன்னார். வாசுகி, "ஓம், ஓம், சரி, இருங்கோ" என்றார். தமிழில்தான். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

"ஏன் திருப்பினார்?" என்று ஹனான் கேட்டார்.

"துணி மிச்சம்" என்றேன்.

"மிச்சம் எங்கே?"

அதைக் கவிதா வீட்டில் சூடான பாத்திரம் பிடிக்க வைத்திருந்தாள். காலையில் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்திருந்தேன். ஒரு ஓரத்தில் டீக்கறை போகவில்லை. விரித்து அளந்தேன். அகலம் எட்டரை அங்குலம். நீளம் முப்பது. ஒரு துண்டுக்கு உயரம் பத்து, அகலம் எட்டு. மூன்று பத்து முப்பது. கத்தரி வழுக்கினால் ஒரு துண்டு போச்சு. வேறு துணி அந்த ஊரில் இல்லை.

ஊரில் ஒரே நேரத்தில் நூறு மடிப்பு வெட்டுவேன். அன்றைக்கு ஒரு மடிப்பு. ஒரு நூலை உருவி, அது போன தடத்தைப் பார்த்துப் பார்த்து வெட்டினேன்.  கதவில் நின்றவர்கூட உள்ளே வந்து பார்த்தார். மூன்றும் வந்தது.

ஹனான் பங்கு போட்டார். வாசுகி மரத்தை வாசுகியே தைப்பார். வேலையில் லீவு சொல்லிவிட்டார். லீனாவுக்குப் பரீட்சை, அவள் மரத்தை ஹனான் தைப்பார். மூன்றாவது கவிதாவுடையது. அவளுக்கு ஆபீஸ். மற்றவர்களுக்கும் வேலை, குழந்தைகள்.

"கொடுங்க" என்றேன். கறை பட்ட துண்டை எடுத்துக்கொண்டேன்.

ஹனான் மகளிடம் ஏதோ சொன்னார். லீனா சிரித்தாள். கவிதா சொன்னாள்: "ஆம்பளைங்க இதுவரைக்கும் அவங்க அம்மா மரத்தைத் தொட்டதில்லையாம். நீங்கதான் முதல் ஆளாம்."

வியாழக்கிழமை காலையிலிருந்து மாலை வரை ஹாலில். கதவுக்காரர் ஒரு ஹீட்டரை எங்கள் காலடியில் வைத்துவிட்டுப் போனார். நான் போட்ட முதல் பதினைந்து குறியை ஹனான் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டு மொத்தத்தையும் பிரித்தார். முன்பக்கம் எப்படியோ பின்பக்கமும் அப்படி இருக்க வேண்டும். முடிச்சு தெரியக்கூடாது. நூல் குதித்துப் போகக்கூடாது. எக்ஸ்போர்ட் செக்கிங் பார்த்தவன் நான். இவரைப்போல ஒரு செக்கரை நான் பார்த்ததில்லை.

வாசுகி எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, சைப்ரஸ் எண்டு சொல்லிப் பூசணிக்காய் தைக்கிறியள்?"

"அடிமரமுங்க அம்மிணி. இன்னும் மேல வரோணும்."

"வரட்டும் வரட்டும். சனிக்கிழமைக்குள்ள வந்தால் சரி."

மத்தியானம் ஹனான் ரொட்டி கொண்டுவந்திருந்தார். மேலே எண்ணெயும் ஏதோ காய்ந்த தழைப் பொடியும் தடவியது. இட்லிப் பொடி ஞாபகம் வந்தது, ஆனால் புளிப்பு. ஆலிவ் காயும் இருந்தது. ஒன்று கடித்தேன். கசப்பு. ஹனான் நான் துப்புகிறேனா என்று பார்த்தார். விழுங்கினேன். மூன்று தின்றேன். கதவுக்காரர் காகிதப் பொட்டலத்தில் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிவந்து மேசை நடுவில் பிரித்து வைத்தார். ஹனான் உடனே ஒரு துணியை விரித்து மரங்களை மூடினார். "ஆயில்!" என்றார். அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தை எல்லாருக்கும் புரிந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்காரர் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றே சாப்பிட்டார்.

அன்றே நேராக வந்த ஒன்பது துண்டுகளையும் இணைத்து வைத்தேன். மூன்று இடம் காலி.

வெள்ளிக்கிழமை நிலைமை வேறு. இரண்டு நாளாகச் சமீராவிடமிருந்து செய்தி இல்லை. சமீராவின் கூடாரம் இருந்த இடத்திலிருந்து எல்லாரையும் கிளம்பச் சொல்லிவிட்டார்கள் என்று யாரோ சொந்தக்காரர் அனுப்பியிருந்தார். எங்கே போனார்கள் என்று அதில் இல்லை. ஹனான் போனை மேசை மேல் வெளிச்சம் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். அது எத்தனையோ தடவை மினுங்கியது. ஒவ்வொரு தடவையும் லீனா எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஹனானின் ஊசி நிற்கவில்லை. இன்னும் வேகமாகப் போனது.

வாசுகி என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எங்கட அண்ணாவைத் தேடி இப்பிடித்தான் நாங்களும் போனுக்குப் பக்கத்தில இருந்தனாங்கள். அப்ப ஒண்டும் கதைக்கக்கூடாது. பக்கத்தில இருந்தால் மட்டும் காணும்."

நாங்கள் பக்கத்தில் இருந்து தைத்தோம்.

மாலை வீடு திரும்பும்போது ரயில் ஓடியது. நிற்க இடமில்லாத கூட்டம். பாதி வழியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒரு நிமிஷத்தையும் விடக்கூடாது என்று துணியை எடுத்தேன். பக்கத்தில் ஒரு அம்மா பெரிய பையை மடியில் வைத்திருந்தார். முழங்கை நீட்ட முடியவில்லை. துணியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு தைத்தேன். நன்றாக ஓடியது. அந்த அம்மா பார்த்துக்கொண்டே வந்தார். "பியூட்டிஃபுல்" என்றார். தலையை ஆட்டினேன். நிமிர்ந்தபோது தகனினி போய்விட்டது. பாப்பாகுராவில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்கு அரை மணி நேரம் காத்திருந்தேன். பிளாட்பாரத்து விளக்கில் தைத்தேன். வந்த ரயிலிலும் தைத்தேன். எட்டு வரிசை ஏறியிருந்தது. மனசுக்குத் திருப்தி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஹனானின் போன் மினுங்கியது. லீனா பார்த்தாள். கத்திவிட்டாள். சமீராதான். வேறு கூடாரம், வேறு இடம். ஆனால் ஆறு மணிக்கு வருவேன் என்று எழுதியிருந்தார்.  ஹனான் ஊசியைக் குத்தி வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவி வந்து மறுபடி உட்கார்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு வாசுகி முடித்தார். தொண்ணூறு. அடிக்கோடு சேர்ந்தது, நுனியும் சேர்ந்தது. ஹனான் இரண்டு பக்கமும் பார்த்து, துணியை வாசுகியின் நெற்றியில் ஒற்றிக் கொடுத்தார். வாசுகி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

இரண்டரைக்கு ஹனான் முடித்தார். இரண்டையும் இணைத்தேன்.

நான் எழுபத்தாறாவது வரிசையில் இருந்தேன். மேலே போகப் போக மரம் ஒடுங்கும், வரிசை சின்னதாகும். இன்னும் பதினாலு வரிசை. ஐந்து மணிக்குள் முடியும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

மூன்று மணிக்கு ஹனான் கையை நீட்டினார். கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். முகம் மாறிவிட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கீழே ஐம்பத்திநாலு வரிசையும் ஒரு மாதிரி மினுங்கியது. அதற்கு மேலே வேறு மாதிரி.

குறுக்குத் தையலில் மேலே விழுகிற நூல், அதாவது மேல்கால், எல்லாக் குறியிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். ரயிலில் துணியைப் பக்கவாட்டில் பிடித்தேன் அல்லவா, அங்கேயிருந்து எல்லாக் குறிக்கும் மேல்கால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டது. காலையில் ஹாலிலும் அதையே பார்த்துப் பார்த்துத் தொடர்ந்திருக்கிறேன். மறுபடியும் திருப்பியது நான்தான்.

"விட்டுடலாம்" என்றாள் கவிதா. "போன்ல தெரியவே தெரியாதுப்பா." இங்கிலீஷிலும் சொன்னாள்.

லீனாவும் அதையே அம்மாவிடம் சொன்னாள் போல. ஹனான் என்னைப் பார்த்தார். கேட்கிற பார்வை.

"பிரிங்க" என்றேன். தமிழில்தான் சொன்னேன். கையாலும் காட்டினேன்.

அவர் சின்னக் கத்தரியை எடுத்தார். இருபத்திரண்டு வரிசை. துணி கிழியாமல் பிரிக்க ஐம்பது நிமிஷம் ஆனது. நூல் துணுக்குகளை வாசுகி உள்ளங்கையில் பொறுக்கினார். 

நாலு மணிக்குத் திரும்ப உட்கார்ந்தேன். ஹனான் எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் விரல் நுனிகள் வீங்கி இருந்தன, ஊசி பிடிக்க வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினார். அரபியில் எண்ணினார். எனக்கு ஒன்றிலிருந்து பத்து வரை அன்றைக்கு மனப்பாடம் ஆனது. பெண்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஓடினார்கள். ஐந்து மணிக்கே வெளியே இருட்டு கட்டிவிட்டது. யாரோ விளக்கைப் போட்டார்கள். ஐந்தேகாலுக்கு ஹனான் என் கையைத் தட்டினார். போதும், இணைத்தால்தான் ஏணி வைத்து மாட்ட முடியும். எண்ணினேன். அறுபத்தொன்று. தொண்ணூறில் அறுபத்தொன்று. நுனி இல்லாத மரம்.

அப்படியே இணைத்தேன். கீழ் வரிசையில் கடைசி இடம். கதவுக்காரர் ஏணியில் ஏறி மாட்டினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரு மரம் குட்டை, அவ்வளவுதான்.

ஆறு மணி ஆனது. ஆறு ஐந்து. ஆறு எட்டு. போன் அடித்தது.

சமீரா முகம் சின்னதாகத் தெரிந்தது. ஹனான் ஜாடைதான், ரொம்ப மெலிந்த ஜாடை. பின்னால் நீலப் பிளாஸ்டிக் ஷீட் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். பிறகு ஹனான் போனைத் திருப்பிச் சுவருக்குக் காட்டினார்.

 ஹனான் முதல் மரத்திலிருந்து மெதுவாக நகர்ந்தார். போனிலிருந்து குரல் வந்தது. லீனா சொன்னாள், கவிதா சொன்னாள். "சிவப்பு சரியா இருக்காம்." கொஞ்சம் கழித்து, "வேகமாப் போகாதேங்கறாங்க." வாசுகியின் மரம் வந்தபோது ஹனான் வாசுகியைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். சமீரா ஏதோ கேட்டார். ஹனான் பதில் சொன்னார். வாசுகியின் பெயர் அதில் இருந்தது.

கடைசி வரிசை. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் போன் நிற்கவில்லை. ஹனான் கொஞ்சம் சட்டென்று நகர்த்திவிட்டார். பின்னால் நகர்ந்து முழுச் சுவரையும் காட்டினார்.  சமீரா முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. அப்படியே படம் நின்றுவிட்டது.

ஹனான் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். திரை கறுப்பாகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டார்கள். போகவில்லை. மறுபடி. போகவில்லை. ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டை யாரும் திறக்கவில்லை. ஏழு மணிக்கு ஹாலைப் பூட்ட வேண்டும். ஏழு அடித்தது. கதவுக்காரர் சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தார், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

ஏழு இருபதுக்குப் போன் மினுங்கியது, சமீராவின் செய்தி. ஹனான் எடுத்தார். பார்த்தார். வாயில் கையை வைத்துக்கொண்டு என் பக்கம் திருப்பிக் காட்டினார். வாழ்த்து இல்லை, வார்த்தை இல்லை. இரண்டு கோடுகள் மட்டும் நின்றன. அரபி எண் எனக்குப் படிக்கத் தெரியாது. லீனா படித்தாள். கவிதா தமிழில் சொன்னாள்.

பதினொன்று.